திப்பு சுல்தானுக்கு ரிவால்வர் ஏது?

காஞ்சிபுரத்தில் எந்தப் பழைய சாமானை எடுத்துக் காட்டினாலும் அது மூன்று பேரில் ஒருவருடையதாகத்தான் இருக்கும். கல்லாக இருந்தால் பல்லவ ராஜா. பித்தளையாக இருந்தால் பாட்டியின் பாட்டி. இரும்பாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், திப்பு சுல்தான்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஊருக்குப் பக்கத்தில்தான் புள்ளலூர். 1780 செப்டம்பர் 10-ம் தேதி ஹைதர் அலியும் அவர் பிள்ளை திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பெனிப் படையைச் சுற்றி வளைத்து நொறுக்கிய இடம். ராக்கெட் பறந்தது. கும்பெனியின் வெடிமருந்து வண்டிகள் பற்றி எரிந்தன. பெய்லி பிடிபட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே செத்தும் போனார். செத்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு வைத்த நினைவுத் தூண்கள் இன்னும் புள்ளலூரில் நிற்கின்றன. ஆகவே இந்த வட்டாரத்தில் எவன் வீட்டுக் கொல்லையில் துருப்பிடித்த இரும்பு கிடைத்தாலும் "புள்ளலூர் சண்டைல வுட்டுட்டுப் போனது சார்" என்பார்கள். மாட்டு வண்டிக் கடையாணிக்குக்கூட இந்தச் சரித்திரம் உண்டு.

போன வருஷம் இந்தச் சரித்திரத்தில் ஒரு ரிவால்வரும் சேர்ந்தது.

எனக்குத் தெரிந்த ஒரு பட்டு வியாபாரக் குடும்பம். பாகப் பிரிவினைக்காகத் தாத்தாவின் இரும்புப் பெட்டியை உடைத்தார்கள். (சாவி தாத்தாவோடு போய்விட்டது.) உள்ளே காலாவதியான புரோ நோட்டுகள், வெள்ளி எடை போடும் குட்டித் தராசு, கூடவே மஞ்சள் துணியில் சுற்றி ஒரு ரிவால்வர், ஐந்து தோட்டா. பெரியப்பா உடனே தீர்ப்பு சொல்லிவிட்டார்: "இது திப்பு காலத்துது. புள்ளலூர்ல கிடைச்சது. அப்பாரு சொல்லக் கேட்டிருக்கேன்." சித்தப்பா பாகத்தில் இறங்கினார்: "ஃபாரின்காரன் லட்சக்கணக்குல குடுப்பான். அத்த வித்து மூணாப் பிரிச்சுக்கலாம்." இரண்டு பேருக்கும் நடுவில் அத்தை மட்டும், "எனக்கு ஒண்ணும் வேணாம்பா, அந்தச் சனியன முதல்ல கொளத்துல போடுங்க" என்றாராம்.

பேரன் எனக்கு சிநேகிதன். "ஒரு மணி நேரத்துல எடுத்தாந்து காட்டட்டுமா?" என்று போன் பண்ணினான். தெருவில் இறங்கினாலே கேஸ் என்று சொல்லி, இருந்த இடத்திலேயே போட்டோ மட்டும் எடுக்கச் சொன்னேன். விசையில் விரல் படக்கூடாது, வாய் சுவரைப் பார்த்து இருக்க வேண்டும், காலி என்று யார் சொன்னாலும் நம்பக்கூடாது. இந்த மூன்றும் எந்தப் பழைய துப்பாக்கிக்கும் பொருந்தும்.

நான் படித்தது பி.காம். எனக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு தீபாவளி கேப்போடு முடிந்தது என்றுதான் பல வருஷம் இருந்தேன். பிறகு ஒரு நாள், பழைய ரிவால்வர் சேகரிக்கிறவர்கள் எழுதிய புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. படித்தால், அப்படியே எங்கள் ஆடிட்டிங் பேப்பர்! வாய்ச் சொல்லை நம்பாதே, வவுச்சரைப் பார். வவுச்சரில் தேதியைப் பார். தேதிக்கும் சீலுக்கும் ஒத்துப் போகிறதா பார். அவ்வளவுதான் வித்தை.

முதலில் ரிவால்வர் என்றால் எது? பெயரிலேயே இருக்கிறது, சுற்றுவது. ஐந்தோ ஆறோ அறைகள் கொண்ட உருளை. ஒவ்வொரு முறை சுடும்போதும் ஓர் அறை சுற்றி வந்து குழாய்க்கு நேரே நிற்கும். தோட்டாக்களைக் கைப்பிடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஸ்பிரிங் ஒவ்வொன்றாக மேலே தள்ளினால் அது ஆட்டோமேட்டிக் பிஸ்டல். முன்னது திருவிழா ராட்டினம், பின்னது ரேஷன் கடை க்யூ.

நம் ஆட்கள் இரண்டையும் ஒன்றாக்கி விடுவார்கள். 1911 ஜூன் 17, மணியாச்சி ஜங்ஷன். கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டதைச் சொல்லும்போது மேடைப் பேச்சாளர் எவராக இருந்தாலும் "ரிவால்வரை உருவினான் வாஞ்சி!" என்றுதான் கை ஓங்குவார். வாஞ்சி கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் ஆட்டோமேட்டிக் பிஸ்டல். அதற்கு மூன்று வருஷம் கழித்து சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டு, முதல் உலகப் போருக்குத் திரி வைத்ததும் பெல்ஜியத்துப் பிரௌனிங்தான். 1967-ல் ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதா கையில் இருந்ததுதான் ரிவால்வர். வாஞ்சிக்கு இதனால் ஒரு குறைவும் இல்லை. ஆனால் வயசு கண்டுபிடிக்க வேண்டுமென்றால், முதலில் சாமான் என்ன என்று தெரிய வேண்டும் இல்லையா?

இப்போது திப்புவுக்கு வருவோம். ஹேமரை இழுத்தால் உருளை தானாக ஒரு அறை நகரும் ரிவால்வருக்கு அமெரிக்காவில் சாமுவேல் கோல்ட் பேட்டன்ட் வாங்கியது 1836-ல். அதற்கு முன்னால் உருளையைக் கையால் திருப்பிச் சுடும் சில சோதனைகள் இருந்தன. அவை ராஜாக்கள் வேடிக்கை பார்க்கும் பொம்மைகள். திப்பு செத்தது 1799-ல். புள்ளலூரில் இரண்டு பக்கமும் வைத்திருந்தது வாய் வழியே மருந்து போட்டுக் குச்சியால் இடித்து, சிக்கிமுக்கிக் கல்லில் பொறி பறக்கவிட்டுச் சுடும் நீளத் துப்பாக்கி. மழை பெய்தால் அதுவும் சுடாது.

கோல்ட் வந்த பிறகும் எல்லா ரிவால்வரும் ஒன்றல்ல. கல்வெட்டு ஆராய்ச்சிக்காரர்கள் எழுத்தின் வளைவைப் பார்த்தே நூற்றாண்டைச் சொல்லி விடுவார்களே, அந்த மாதிரி இங்கே பார்க்க வேண்டியது உருளையின் முதுகு. ஒவ்வொரு அறைக்கும் பின்னால் ஒரு சின்னக் குமிழ் துருத்திக்கொண்டு இருந்தால், அதில் கேப் மாட்டிச் சுடும் வகை. கரி மருந்தும் ஈயக் குண்டும் முன்பக்கமாகப் போட வேண்டும். 1857 சிப்பாய்க் கலகத்தின்போது வெள்ளைக்கார அதிகாரிகள் இடுப்பில் இருந்தவை இவைதான். கோல்ட், ஆடம்ஸ் என்று இரண்டு கட்சி. கொஞ்ச காலம் லண்டனிலேயே கோல்ட் ஃபேக்டரி வைத்திருந்தார் என்றால் போட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். உருளையின் விளிம்பில் ஊசி வைக்கிற மாதிரி சின்னக் காடி இருந்தால், அது பிரான்சிலும் பெல்ஜியத்திலும் செய்த பின்ஃபயர். தோட்டாவின் பக்கவாட்டில் ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும்.

பித்தளைத் தோட்டாவைப் பின்பக்கமாகப் போடுகிற, நாம் சினிமாவில் பார்க்கிற வகை அதற்கப்புறம்தான் பரவியது. இதில் காமர்ஸ் ஆசாமிகள் ரசிக்கிற கதை ஒன்று உண்டு. உருளையை முன்னும் பின்னும் முழுக்கத் துளைக்கிற சின்ன யோசனைக்கு ரோலின் ஒயிட் என்பவர் 1855-ல் பேட்டன்ட் எடுத்தார். ஸ்மித் அண்டு வெஸன் கம்பெனி அதைக் குத்தகைக்கு எடுத்தது. ரிவால்வருக்கு 25 சென்ட் ராயல்டி. கேட்க நன்றாக இருக்கிறதா? ஒப்பந்தத்தின் அடியில் ஒரு வரி. யாராவது காப்பியடித்தால் கேஸ் போடுகிற செலவு ஒயிட் தலையில்! அமெரிக்காவில் ரிவால்வர் செய்கிற பல பேர் காப்பியடித்தார்கள். மனுஷர் ராயல்டியை வாங்கி வாங்கி வக்கீலுக்குக் கொடுத்தார். சிறிய எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற என் வாசக நண்பர்கள் இவரை மனதில் வைத்துக்கொள்ளவும். அந்த பேட்டன்ட் 1869-ல் முடிந்தது. அப்புறம்தான் மற்ற அமெரிக்கக் கம்பெனிகள் தாராளமாக அந்த வகையில் இறங்கின. ஆகையால் அமெரிக்க ரிவால்வர், பின்பக்கம் துளை, கம்பெனி பெயர் ஸ்மித் அண்டு வெஸன் இல்லை என்றால், பெரும்பாலும் 1869-க்குப் பிற்பட்டது, அல்லது காப்பியடித்தது.

சுட்ட பிறகு காலித் தோட்டாவை எப்படி வெளியே எடுக்கிறோம் என்பது அடுத்த தடயம். பக்கத்தில் சின்னக் கதவைத் திறந்து குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்தித் தள்ளினால் பழசு. ஹேமருக்கு முன்னால் உள்ள கொக்கியைத் தளர்த்தியதும் மொத்தத் துப்பாக்கியும் ஒடித்த மாதிரி முன்பக்கம் மடிந்து, நட்சத்திரம் மாதிரி ஒரு தகடு எல்லாத் தோட்டாவையும் ஒரே தள்ளாகத் தள்ளினால், 1870-க்குப் பிறகு வந்தது. வெப்ளி கம்பெனியின் அடையாளமே இந்த மடக்கு. உருளை மட்டும் பக்கவாட்டில் தொட்டில் மாதிரி வெளியே சாய்ந்தால், கோல்ட் 1889-ல் ஆரம்பித்து வைத்த நாகரிகம்.

சிநேகிதன் அனுப்பிய முதல் போட்டோவிலேயே மடக்குக் கொக்கி தெரிந்தது. "திப்பு அவுட்டுனு பெரியப்பாகிட்ட சொல்லிடு" என்றேன். பெரியப்பா அசரவில்லையாம். "அப்ப கட்டபொம்மன் காலம்" என்றாராம். கட்டபொம்மனைத் தூக்கில் போட்டதும் அதே 1799-ல்தான்.

அமைப்பை வைத்துச் சொல்வது இருபது முப்பது வருஷ வித்தியாசத்தில் நிற்கும். அதைச் சுருக்குவது முத்திரைகள். இதைப் பட்டுப் புடவை வைத்துச் சொன்னால் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். ஒருவர் ஒரு புடவையைக் காட்டி, "1950-ல எங்க பாட்டி கல்யாணத்துக்கு எடுத்தது" என்கிறார். ஜரிகையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே சிவப்புப் பட்டு நூல். கோர்வை கரை அச்சாக இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் ஓரத்தில் சில்க் மார்க் லேபிள் தொங்குகிறது. சில்க் மார்க் வந்ததே 2004-ல்! பாட்டி எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும் பயன் இல்லை. ஒரு சாமானில் பத்து முத்திரை இருந்தால், அதிலேயே கடைசியாகப் புழக்கத்துக்கு வந்தது எதுவோ அதற்கு முன்னால் அந்தச் சாமான் இப்போதிருக்கும் உருவத்தில் இருந்திருக்க முடியாது.

ரிவால்வரிலும் இதே கணக்கு. குழாயிலும் உருளையிலும் கடுகு சைஸில் பதித்திருப்பார்கள். லென்ஸ் வேண்டும், பொறுமை வேண்டும். முட்டை வடிவத்துக்குள் இ.எல்.ஜி. என்ற மூன்று எழுத்தும் கீழே நட்சத்திரமும் இருந்தால், பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்துப் பரிசோதனைச் சாலையில் தேறியது. அந்த முட்டைக்கு மேலே ஒரு கிரீடமும் இருந்தால் 1893-க்குப் பிறகு தேறியது. கிரீடம் உண்டா இல்லையா, அவ்வளவுதான், ஒரு நூற்றாண்டின் பாதி கழிந்துவிடும். இங்கிலாந்துச் சாமானில் 'பி. வெப்ளி அண்டு சன்' என்று இருந்தால் 1897-க்கு முற்பட்ட பெயர். அந்த வருஷம் ஸ்காட் கம்பெனியோடு சேர்ந்து 'வெப்ளி அண்டு ஸ்காட்' ஆகிவிட்டார்கள். 'நாட் இங்கிலீஷ் மேக்' என்று ஒரு முத்திரை உண்டு. வெளிநாட்டுச் சாமானை இங்கிலாந்தில் பரிசோதித்தால், 'எங்கள் சரக்கு இல்லை சாமி' என்று கை கழுவிக்கொள்ள 1925 முதல் 1955 வரை குத்தியது. கோழிக்கால் மாதிரி ஒரு அம்பு இருந்தால் பிரிட்டிஷ் சர்க்கார் சொத்து. இரண்டு அம்புகள் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நின்றால் சர்க்கார் கழித்துவிட்ட சரக்கு. லைப்ரரி புத்தகத்தில் 'நீக்கப்பட்டது' என்று சீல் குத்துவார்களே, அது.

பெரிய எழுத்தில் அழகாகப் பொறித்திருக்கிற பெயரைப் பார்த்து மட்டும் ஏமாந்துவிடக்கூடாது. மெட்ராஸ் மவுண்ட் ரோடு பி.ஆர் அண்டு சன்ஸ் என்றால் நமக்குக் கடிகாரமும் வைரமும்தான். ஒரு காலத்தில் அவர்கள் வேட்டைத் துப்பாக்கியும் விற்றார்கள், குழாய் மேல் 'பி.ஆர் அண்டு சன்ஸ், மெட்ராஸ்' என்று பொறித்தே விற்றார்கள். கல்கத்தாவில் மேன்டன், ரோட்டா கம்பெனிகளும் இப்படித்தான். அது கடையின் பெயர், செய்தவன் பெயர் அல்ல. காந்தி ரோடு கடை அட்டைப் பெட்டியில் வருகிற புடவையை நெய்தவர் பிள்ளையார்பாளையத்தில் ஏதோ ஒரு தறியில் உட்கார்ந்திருப்பார். பெட்டியில் அவர் பெயர் எங்கே இருக்கிறது?

போலிகளும் உண்டு. இன்றைய பாகிஸ்தானில் கைபர் கணவாய்ப் பக்கம் தர்ரா ஆதம் கேல் என்று ஒரு ஊர். வீட்டுக்கு வீடு பட்டறை. ராட்டினம் மாதிரி எளிய கருவிகளை வைத்துக்கொண்டு எந்தத் துப்பாக்கியையும் பார்த்தபடியே செய்து விடுவார்கள். கை வேலை பிரமாதம். ஆனால் இங்கிலீஷ் தெரியாமல், முத்திரையைப் படமாக வரைந்ததால் எழுத்து திரும்பி நிற்கும். சிலவற்றில் கிரீடத்துக்குக் கீழே விக்டோரியா மகாராணிக்கான வி.ஆர். என்ற எழுத்து, அதற்குக் கீழே 1910, 1920 என்று ஏதாவது ஒரு வருஷம். விக்டோரியா 1901-லேயே கண்ணை மூடிவிட்டார். செத்த பிறகும் பத்து இருபது வருஷம் துப்பாக்கிக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த ராணி உலகத்தில் அவர் ஒருவர்தான்.

இதில் நம்மவர்கள் செய்கிற பாவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழசு கிடைத்ததும் புளி போட்டுத் தேய்ப்பது! சிநேகிதன் வீட்டிலும் சித்தி புளியை ஊறவைத்தே விட்டாராம், நல்ல வேளையாகத் தடுத்தான். குத்துவிளக்குக்குப் புளி சரி. நூறு வருஷத்துக் கறுப்பு மெருகைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டால், கடுகளவு முத்திரைகளும் கூடவே தேய்ந்து போகும். வெளிநாட்டு ஏலங்களில் மங்கலான ஒரிஜினலுக்கு இருக்கிற மரியாதை பாலிஷ் போட்ட பளபளப்புக்குக் கிடையாது.

சரி, அந்த மஞ்சள் துணி ரிவால்வர்? மூன்றாவது போட்டோவில் விஷயம் வெளியே வந்தது. இடது பக்கம் 'மார்க் 4' என்றும் '.38' என்றும் '145/200' என்றும் இருந்தது. பக்கத்தில் இரண்டு வார்த்தை: 'வார் ஃபினிஷ்'.

குடும்பத்தில் எம்.ஏ. இங்கிலீஷ் படித்த மாப்பிள்ளை ஒருத்தர் இருக்கிறார். அவர் சொன்னாராம்: "வார் ஃபினிஷ்னா சண்டை முடிஞ்சது. அப்ப 1945-க்கு அப்புறம் செஞ்சது. வெற்றி ஞாபகார்த்தமா விட்டிருப்பான். ரேர் பீஸ் மாமா!" சித்தப்பா விலையை ஏற்றிவிட்டார்.

அர்த்தம் நேர் எதிர். இந்த 'ஃபினிஷ்' முடிவு இல்லை, மெருகு. இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்தபோது வெப்ளி கம்பெனிக்கு ஆர்டர் மேல் ஆர்டர். வழக்கமான பாலிஷ் போட நேரமில்லை. கருவி போட்ட கீறல்கள் அப்படியே இருக்க, சொரசொரப்பாகவே அனுப்ப வேண்டிய நிலை. ஆனால் தலைமுறைத் தலைமுறையாகச் சம்பாதித்த பேர் கெட்டுவிடக் கூடாதே! 'இது யுத்தகால மெருகு, எங்கள் வழக்கமான வேலை இப்படி இருக்காது' என்று ஒவ்வொரு துப்பாக்கியிலும் குத்தி அனுப்பினார்கள். ஒரு கம்பெனி தன் சரக்கின் மேலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டது எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். நம் ஊரில் சிலர் புடவையிலேயே 'ஜரிகை கொஞ்சம் சுமார், மன்னிக்கவும்' என்று நெய்து கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஆக, திப்பு இல்லை, கட்டபொம்மன் இல்லை, வெற்றிச் சின்னமும் இல்லை. 1940-களின் முதல் பாதியில் பட்டாளத்துக்காக அவசர அவசரமாகச் செய்த ரிவால்வர். மொத்தமாக லட்சக்கணக்கில் செய்த ரகம். அபூர்வம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. தாத்தாவிடம் எப்படி வந்தது என்பதற்கு இரும்புப் பெட்டியில் வவுச்சர் இல்லை.

"அப்ப எவ்ளோ போகும்?" என்றான் சிநேகிதன். அவனிடம் நான் சொன்னதை உங்களுக்கும் சொல்லி விடுகிறேன். இந்தக் கட்டுரையிலேயே முக்கியம் இந்த இடம்தான், ஏனென்றால் பரண் உங்கள் வீட்டிலும் இருக்கிறது.

வயசு கண்டுபிடித்த பிறகு அடுத்த கேள்வி விலை இல்லை, லைசென்ஸ். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். தாத்தா பெயரில் லைசென்ஸ் இருந்ததா, இருக்கலாம். ஆனால் லைசென்ஸ் பரம்பரைச் சொத்து இல்லை. நிலம் பேரனுக்கு வரும், லைசென்ஸ் தாத்தாவோடு போய்விடும், இரும்புப் பெட்டிச் சாவி மாதிரி. 2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது, லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் என்று தண்டனையை ஏற்றிவிட்டார்கள்.

"நூறு வருஷம் ஆனா ஆண்டிக் சார், லைசென்ஸ் வேணாம்" என்று டீக்கடையில் ஒரு சட்ட நிபுணர் கட்டாயம் சொல்வார். அந்த நூறு வருஷம் சிலை, செப்பேடு மாதிரி கலைப்பொருட்களுக்கான 1972-ம் வருஷத்துச் சட்டத்தில் வருவது. அமெரிக்காவில் 1898 வரை செய்த துப்பாக்கி ஆண்டிக் என்று ஒரே கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அங்கே 1898-ஆ 1899-ஆ என்று லென்ஸை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். நம் ஆயுதச் சட்டம் 45-வது பிரிவு கேட்பது வேறு. அது பழசோ, உடைசலோ, ரிப்பேர் பண்ணினாலும் இனிமேல் சுடவே முடியாததாக இருக்க வேண்டும். ஸ்பிரிங் மாற்றினால் சுடும் என்றால் அது துப்பாக்கிதான், எத்தனை கிழமானாலும்.

இன்னொரு சிக்கல் அந்த '.38'-ல் இருந்தது. ராணுவத் தோட்டா போடக்கூடிய .380, .455 ரிவால்வர்களை நம் சட்டம் தனி வரிசையில் வைத்திருக்கிறது. அதற்குக் கலெக்டர் லைசென்ஸ் கொடுக்க முடியாது, டெல்லி உள்துறைக்குப் போக வேண்டும். கான்பூர் ஃபேக்டரி பொதுஜனங்களுக்கு .32 ரிவால்வர் செய்வது இதனால்தான். சினிமாவில் ஹீரோ "பாயின்ட் தேர்ட்டி எய்ட்!" என்று சொல்லும்போது கை தட்டுகிறோமே, அந்த எண்ணுக்குத் தண்டனையும் கூட. பழைய ரிவால்வர் விஷயத்தில் குழாயின் உள்விட்டம் தெரியாமல் வாய் திறப்பது ஆபத்து.

குளத்தில் போடுவது? அத்தைக்கு என் அனுதாபங்கள். ஆனால் காஞ்சிபுரத்துக் குளம் எதுவும் எதையும் வைத்துக்கொள்வதில்லை. கோடையில் தண்ணீர் வற்றினால் எல்லாம் வெளியே வந்துவிடும், எவனாவது பையன் எடுப்பான். உள்ளே தோட்டா இருந்தால்?

வழி ஒன்று இருக்கிறது, அதே சட்டத்தில் 21-வது பிரிவு. கையில் இருப்பது சட்டத்துக்கு ஒவ்வாது என்று ஆனதும், தாமதம் பண்ணாமல் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட வேண்டும். கெடுவுக்குள் லைசென்ஸ் வாங்கினால் திரும்பப் பெறலாம், அல்லது வைத்திருக்கத் தகுதி உள்ளவருக்கு விற்கலாம். இல்லாவிட்டால் அரசாங்கத்துக்குப் போய்விடும்.

மூன்று வாரம் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை நடந்தது. "நாமளே போயி 'எங்கிட்ட துப்பாக்கி இருக்கு'ன்னு சொல்றதா? உள்ள வெச்சுட்டான்னா?" என்று சித்தப்பா. பயம் நியாயமானது. நடுத்தர வர்க்கத்துக்குப் போலீஸ் ஸ்டேஷன் படி கோபுரத்தை விட உயரம். கடைசியில் ஒரு வக்கீலைப் பிடித்து, கிடைத்த தேதி, கிடைத்த விதம், தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், போட்டோக்கள் எல்லாம் வைத்து மனு எழுதினார்கள். வக்கீலே முதலில் ஸ்டேஷனில் பேசினார். பிறகு போலீஸார்தான் வீட்டுக்கு வந்து இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். ரசீதில் சீரியல் நம்பரை எழுதும்போது ஏட்டையா லென்ஸ் கேட்டாராம். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். அந்த ரசீது இப்போது மஞ்சள் துணியில், பாகத்தில் சேராத சொத்தாக இருக்கிறது.

அந்த நம்பரைச் சும்மா நினைக்காதீர்கள். லாகூரில் 1928 டிசம்பர் 17-ம் தேதி போலீஸ் அதிகாரி சாண்டர்ஸைச் சுட்ட பகத்சிங்கின் துப்பாக்கி (அதுவும் ரிவால்வர் இல்லை, .32 கோல்ட் ஆட்டோமேட்டிக்) வருஷக்கணக்கில் எங்கே என்றே தெரியாமல் இருந்தது. பஞ்சாப் போலீஸ் அகாடமியிலிருந்து 1969-ல் இந்தூரில் உள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பிய பழைய ஆயுதக் குவியலில் அதுவும் ஒன்று. துரு பிடிக்காமல் இருக்க எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்புப் பெயின்ட் அடித்து, மியூசியத்தில் வரிசையாக வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று பார்த்துவிட்டு அடுத்த அலமாரிக்குப் போயிருப்பார்கள். 2016-ல் பழைய ரிக்கார்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெயின்ட்டைச் சுரண்டினார்கள். ஒன்றில் 168896 என்று தெரிந்தது. வழக்கு ரிக்கார்டில் இருந்த அதே நம்பர். 2017-ல் அதைப் பஞ்சாபில் ஹுசைனிவாலாவுக்குக் கொண்டு போய்விட்டார்கள், பகத்சிங்கின் சமாதி இருக்கிற ஊருக்கு.